பன்னாட்டுப் பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் வடிவமைப்பு மையத்தில் வேலை: சேரும் முன் பார்க்க வேண்டியவை

பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் கட்டப்படும் பாலங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் கணக்குப் போட்டு வரைபடம் தயாரிக்க, பெரிய ஆலோசனை நிறுவனங்கள் சென்னை, பெங்களூரு, மும்பை, நொய்டாவில் மையங்கள் வைத்திருக்கின்றன. ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்புப் பொறியியல்) படித்து முடித்தவருக்கு முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைப்பது கடினம். அதற்கு மேலும் அங்கேயே இருக்கலாமா என்பது, எந்த வேலைக்கு எத்தனை மணி என்று எழுதும் டைம்ஷீட்டைப் பொறுத்தது.

இங்கே கிடைக்கும் பெரிய சொத்து சரிபார்க்கும் ஒழுக்கம். கணக்கைப் போட்டவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று தனித்தனிக் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. பிரிட்டனின் நெடுஞ்சாலைப் பாலங்களில் சரிபார்ப்பு வகை 1 என்றால் அதே குழுவின் இன்னொரு பொறியாளர் பார்த்தால் போதும். வகை 2-க்கு அதே நிறுவனத்தின் வேறு குழு. வகை 3-க்கு வெளி நிறுவனம் ஒன்று தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

ஐரோப்பிய வடிவமைப்பு விதித்தொகுப்பான யூரோகோட்டில் புதியவர்களைத் தடுக்கி விழ வைக்கும் இடம் ஒன்று உண்டு. நம் எம்30 கான்கிரீட்டில் 30 என்பது கனசதுர வலிமை, அதாவது கனசதுர மாதிரியைச் சோதித்துக் கிடைப்பது. யூரோகோட்டின் சி30/37-இல் 30 உருளை மாதிரியின் வலிமை, 37 கனசதுர வலிமை. யூரோகோட் சூத்திரங்கள் உருளை வலிமையைக் கேட்பவை. அங்கே 37-ஐப் போட்டால் உறுப்பின் தாங்குதிறன் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நல்ல குழுவில் முதல் சரிபார்ப்பிலேயே இது பிடிபடும்.

இனி டைம்ஷீட். வாடிக்கையாளரிடம் பில் போடக்கூடிய மணிநேரம், மொத்த மணிநேரத்தில் எத்தனை விழுக்காடு என்பதுதான் யூட்டிலைசேஷன். இளநிலைப் பொறியாளருக்கு இலக்கு 90 என்றால், வாரம் 40 மணியில் 36 மணி ஏதாவது ஒரு வாடிக்கையாளர் வேலையின் ஜாப் நம்பரில் ஏற வேண்டும். பயிற்சி, உள் கூட்டம், மென்பொருள் கற்றல் எல்லாம் மீதி 4 மணிக்குள். விடுமுறை நாளை மொத்தத்திலிருந்து கழிக்கிறார்களா என்று கேளுங்கள். கழிக்காவிட்டால் லீவு எடுத்த மாதமெல்லாம் இலக்கு தவறும்.

பட்ஜெட் தீர்ந்ததும் "40-க்கு மேல் எழுத வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொல்லும் குழுக்கள் உண்டு. 55 மணி உழைத்து 40 எழுதினால் அந்த வேலைக்கு 40 மணி போதும் என்றே பதிவாகும். அடுத்த டெண்டருக்கு விலை போடுபவர் அந்தப் பதிவைத்தான் எடுப்பார். பற்றாக்குறை அடுத்த ப்ராஜெக்ட்டின் தொடக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். உழைத்ததை முழுவதும் எழுத விடும் மேலாளர் கிடைத்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் குழுவில் இருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியக் குழு வசதியானது, மாலை நம்முடையது. லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30, கூட்டங்கள் மாலையில் குவியும். கலிபோர்னியாவின் காலைக் கூட்டம் நமக்கு இரவு 8.30-க்கு மேல்தான்.

பெரிய குறை, கட்டுமானத் தளத்தைப் பார்க்காமலே ஆண்டுகள் ஓடுவது. கம்பி நெருக்கத்தில், கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி இறங்காத தூண்-உத்தரச் சந்திப்பு திரையில் அழகாகத்தான் தெரியும். இந்திய மெட்ரோ, துறைமுக வேலைகளும் எடுக்கும் மையமா என்று விசாரித்து, அந்தப் பிரிவுக்கு மாற வழி உண்டா என்றும் கேளுங்கள்.

உரிமையாளர் யார் என்பதும் முக்கியம். அரூப், மாட் மெக்டொனால்ட் போன்றவை பங்குச்சந்தையில் இல்லை. ஊழியர் நலனுக்கான அறக்கட்டளை அல்லது ஊழியர்களே உரிமையாளர்களாக இருக்கும் முறை. டபிள்யூஎஸ்பி, ஏகாம், ஜேக்கப்ஸ் பட்டியலிடப்பட்டவை, காலாண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டியவை. ஊழியர்களே உரிமையாளர்கள் என்றாலும் லாபப் பங்கு இந்திய அலுவலகத்துக்கும் வருகிறதா, எந்தக் கணக்கில் வருகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆஃபர் கடிதத்தில் சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தம்) தொகைக்குள் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். நோட்டீஸ் காலம் 90 நாளா, அதைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.