பேச்சுவார்த்தையும் சமரசமும் கற்பிக்கும் ஜெயநகர் வார இறுதி வகுப்பு: ஒரு மதிப்புரை

முடிவெடுத்தல், பேச்சுவார்த்தை, பிணக்குத் தீர்த்தல் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் கற்பிக்கும் இந்த வகுப்பில் சேரலாமா என்று பெங்களூரில் வாழும் தமிழ் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பேச்சுவார்த்தைப் பகுதி ஒன்றுக்காகவே தயங்காமல் சேரலாம். முடிவெடுத்தல் பற்றிய பாடமும் நன்றாகவே இருக்கிறது. பிணக்குத் தீர்க்கும் பாடத்துக்குத்தான் அதன் கனத்துக்கேற்ற நேரம் ஒதுக்கப்படவில்லை. அந்தக் குறையை அமைப்பாளர்கள் சரிசெய்ய வேண்டும் என்ற அக்கறையோடுதான் இதை எழுதுகிறேன்.

வகுப்பை இருவர் நடத்துகிறார்கள். ஒருவர் மனிதவளத் துறையில் நீண்ட காலம் பணியாற்றியவர். மற்றவர் சமரசராகப் பயிற்சி பெற்ற வழக்கறிஞர். முதல் நாள் காலை, உளவியலாளர்களான டிவெர்ஸ்கியும் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வோடு பாடம் தொடங்குகிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதில் விழுந்த எண்ணைக் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காடு என்ன என்று கேட்டபோது, 10 விழுந்தவர்களின் மதிப்பீட்டு நடுவெண் 25 ஆகவும், 65 விழுந்தவர்களின் நடுவெண் 45 ஆகவும் இருந்தது. தொடர்பே இல்லாத ஓர் எண்கூட மனத்தை இப்படி இழுத்துக் கட்டிவிடுகிறது என்றால், வீட்டு ஓனர் முதலில் சொல்லும் அட்வான்ஸ் தொகை நம்மை எவ்வளவு கட்டிப்போடும் என்று பயிற்றுநர் கேட்டபோது, வகுப்பில் இருந்த எல்லோருக்கும் விஷயம் உடனே விளங்கியது. உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய முன்கூட்டிய தோல்வி ஆய்வும் கற்பிக்கப்படுகிறது. எடுக்கப்போகும் முடிவு ஓராண்டு கழித்துப் படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதற்கான காரணங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். வேலையை விடுவது, அடுக்ககத்தில் வீடு வாங்குவது போன்ற முடிவுகளுக்கு இது மிகவும் பயன்படும்.

வகுப்பின் உயிர்ப்பகுதி முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பாத்திரமேற்றுப் பயிற்சி. எடுத்துக்கொண்ட பொருள் பெங்களூரில் வாடகைக்குக் குடியிருந்த எவருக்கும் தெரிந்ததே: வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து ஓனர் பிடித்துக்கொள்வது. இருவர் இருவராக அமர வைத்து, ஓனருக்கு ஒரு தாளும் குடியிருப்பவருக்கு ஒரு தாளும் கொடுக்கிறார்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. அட்வான்ஸ் பணத்தை ஓனர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் செலவிட்டுவிட்டார் என்பதும், புதிய குடித்தனம் ஒன்றாம் தேதியே வருகிறது என்பதும் ஓனரின் தாளில் இருக்கின்றன. புதிய வீட்டுக்கான பணத்தின் பெரும்பகுதியை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும் என்பதும், ஒரு வாரம் முன்னதாகவே காலி செய்ய முடியும் என்பதும் குடியிருப்பவரின் தாளில் இருக்கின்றன.

தொகையை மட்டும் பேசிய இணையர்கள் பெரும்பாலும் பெயிண்டிங் செலவில் பாதி என்ற இடத்தில் வந்து நின்றார்கள். இருவருக்குமே அதில் மனநிறைவு இல்லை. எதிரில் இருப்பவருக்கு என்ன நெருக்கடி என்று கேட்டறிந்த இணையர்கள் வேறு இடத்தை அடைந்தார்கள். வீட்டை ஒரு வாரம் முன்பே ஒப்படைத்தால் ஓனர் அவசரமின்றி வெள்ளையடித்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாகப் பிடித்தம் குறையும். தொகையில் பெரும்பங்கு உடனேயும், மிச்சம் எழுத்து மூலமான தேதியிலும் கிடைக்கும். கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் தேவையைத் தேடுங்கள் என்று நூறு முறை சொன்னாலும் பதியாத பாடம், இந்த இரண்டு தாள்களால் பதிகிறது.

இதே பயிற்சியில் பொது அளவுகோல் என்ற கருத்தையும் இணைத்திருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது, குடியேறியபோது எடுத்த படங்கள் என்ன காட்டுகின்றன, வெளியில் ஒரு பெயிண்டர் சொல்லும் மதிப்பீடு எவ்வளவு என்பவை இருவரின் விருப்பத்துக்கும் அப்பாற்பட்ட அளவுகோல்கள். ஒன்றிய அரசு 2021இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது என்பதையும், மாநிலம் ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பதையும் வழக்கறிஞர் தெளிவாகவே பிரித்துச் சொன்னார். தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 2024 மார்ச்சில், 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்ததையும் எடுத்துக்காட்டினார். அப்படியொரு விலை வெளிவந்த பிறகு அடுக்ககச் சங்கங்கள் டேங்கர்காரர்களிடம் பேசக் கையில் ஒரு பிடிமானம் கிடைத்தது. ஆனால் வேறு டேங்கரே வராத தெருவில் அந்தப் பிடிமானம் எவ்வளவு தாங்கும்? இந்தக் கேள்வியிலிருந்துதான், பேச்சு முறிந்தால் நம் கையில் மிஞ்சும் சிறந்த மாற்று வழி எது என்ற ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேச்சுவார்த்தை ஆய்வாளர்களின் புகழ்பெற்ற கருத்துக்கு அவர் வகுப்பை அழைத்துச் சென்றார். பொருத்தமான வரிசை இது.

பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆயினும் பாத்திரமேற்கும்போது அவரவர் மொழியில் பேச அனுமதிக்கிறார்கள். இதை நான் பெரிதும் பாராட்டுகிறேன். ஹலசூரில் துணிக்கடை நடத்தும் ஓர் அம்மையார், ஆங்கிலத்தில் பேசிய முதல் சுற்றில் ஓனர் சொன்னதற்கெல்லாம் தலையசைத்தார். இரண்டாம் சுற்றில் தமிழ் தெரிந்த இணை கிடைத்ததும், "அண்ணே, நீங்க பெரியவங்க, உங்க பேச்சை நான் தட்டல, பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகைன்னு எதை வச்சுக் கணக்குப் போட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்று அவர் கேட்ட விதத்தில் மரியாதையும் இருந்தது, உறுதியும் இருந்தது. வயதில் மூத்தவரிடம் உறவைக் கெடுக்காமல் மறுப்புச் சொல்வது நம் வீடுகளிலும் கடைகளிலும் அன்றாடத் தேவை. பாடக்குறிப்பில் அதற்கென ஒரு பக்கமும் இல்லை என்பது வருத்தம் தருகிறது.

பிணக்குத் தீர்க்கும் பகுதிக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல். மேலாண்மை ஆய்வாளர்களான தாமஸ், கில்மன் இருவரும் 1974இல் வகுத்த, பிணக்கை எதிர்கொள்ளும் ஐந்து முறைகளான போட்டியிடல், இணைந்து தீர்த்தல், பாதிவழியில் ஒத்துப்போதல், விட்டுக்கொடுத்தல், ஒதுங்குதல் ஆகியவற்றைக் கேள்வித்தாள் மூலம் அறிமுகப்படுத்திவிட்டு, எந்தச் சூழலில் எது பொருந்தும் என்பதை ஆராயாமலே அடுத்ததற்குப் போய்விட்டார்கள். ஒதுங்கிப்போவதும் சில வேளைகளில் அறிவுடைய செயலே என்பதை விவாதிக்க நேரம் இல்லை.

சமரசம் பற்றிய கடைசி ஒரு மணி நேரம்தான் அந்தப் பிற்பகலை ஓரளவு காப்பாற்றியது. பெங்களூர் சமரச மையம் 2007இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஆதரவில் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக 2005இல் சென்னையில் நீதிமன்றத்தோடு இணைந்த மையம் உருவானது. சமரசர்களுக்கான அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம். சமரசர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இரு தரப்பையும் தனித்தனியே சந்தித்து, அனுமதியின்றி ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாமல், அவர்களே தீர்வை எட்டத் துணை நிற்பவர். இந்தத் தனிச் சந்திப்பை வழக்கறிஞர் நடித்துக் காட்டிய பத்து நிமிடம் மிகச் சிறப்பாக இருந்தது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் அக்கம்பக்கத்தாரின் பிணக்குகளுக்கென்று தனி அத்தியாயமே வகுத்திருக்கும்போது, வாகன நிறுத்தம், பராமரிப்புத் தொகை, நாய் வளர்ப்பு என்று அடுக்ககங்களில் எழும் சண்டைகளில் ஒன்றையாவது பயிற்சியாக எடுத்திருக்க வேண்டும். அலுவலகக் குழுச் சண்டைகளே எல்லா எடுத்துக்காட்டுகளுமாக இருந்தால், கடைக்காரரும் இல்லத்தரசியும் எதைக் கொண்டு பழகுவார்கள்?

கட்டணம் 8,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் மதிய உணவும் பாடக்குறிப்பும் அடங்கும். பேச்சுவார்த்தைப் பகுதியின் தரத்துக்கு இது நியாயமான தொகை. நிறுவனத்தின் செலவில் வருபவர்கள் முன்வரிசையை நிரப்பிவிடுவதால், சொந்தப் பணத்தில் வருபவர்கள் சற்று முன்னதாகச் சென்று இடம் பிடிப்பது நல்லது. ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தீர்க்க வழி தேடுபவர்கள் இந்த வகுப்புக்காகக் காத்திருக்காமல், சமரசத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாமா என்று தங்கள் வழக்கறிஞரிடம் பேசுவதே சரி. மற்றவர்கள் பெயர் பதியும்போதே தமிழ் பேசும் இணை வேண்டும் என்று குறிப்பிட்டால், அமைப்பாளர்கள் அதற்கேற்ப அமர வைக்கிறார்கள்.