கிரீன்ஸ்பரோ வுல்வொர்த் கடை: காபி கிடைக்காது, ஆனாலும் போய்ப் பாருங்கள்

அமெரிக்காவில் நார்த் கரோலினா பக்கம் போகிறவர்கள் கிரீன்ஸ்பரோவில் சவுத் எல்ம் தெருவில் இருக்கும் பழைய வுல்வொர்த் கடையைத் தவறவிடாதீர்கள். 2010இலிருந்து அது சிவில் உரிமை அருங்காட்சியகம். கைடு கூடவே வந்து சுற்றிக் காட்டுகிறார். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, அதுவும் நல்லதுக்குத்தான், எல்லோரும் போனைப் பையில் போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

பார்க்க வேண்டியது அந்தச் சாப்பாட்டு கவுண்டரைத்தான். 'எல்' மாதிரி மடங்கிப் போகிற நீள மேஜை, அதை ஒட்டி வரிசையாக நாற்காலிகள், பெரும்பகுதி அன்றிருந்த அதே இடத்தில். 1960 பிப்ரவரி 1 அன்று எசல் பிளேர், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்ற நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் கடைக்குள் வந்து முதலில் பற்பசை மாதிரி சில்லறைச் சாமான் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அப்புறம் இங்கே உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை, அந்தக் கவுண்டரில் வெள்ளையர்கள் மட்டும்தான் உட்காரலாம். கடை சாத்தும் வரை அவர்களும் எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பல மாணவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார்: தனியார் கடைதானே, போகச் சொன்னால் போக வேண்டியதுதானே, இது அத்துமீறல் இல்லையா என்று. அன்றைய சட்டப்படி அவர் சொன்னது சரி, ஏப்ரலில் கிரெஸ் என்ற இன்னொரு கடையில் இப்படி உட்கார்ந்த 45 மாணவர்களைக் கைது செய்ததும் அதற்காகத்தான். ஆனால் பதில் அந்த ரசீதிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு கவுண்டரில் காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, அடுத்த கவுண்டரில் உனக்கு இடமில்லை என்பவர் சொத்துரிமை பேசினால் எடுபடாது, கடைக்குள் வரவழைத்ததே அவர்தான். மாணவர்களும் ஒளிந்து மறைந்து மீறவில்லை, யார் மேலும் கை வைக்கவில்லை, கைதாகலாம் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள். பேசித் தீர்த்திருக்கலாமே என்றால், நடுவில் பேச்சுவார்த்தைக்காகப் போராட்டத்தை நிறுத்தியும் பார்த்தார்கள், ஒன்றும் நகரவில்லை, திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள். கடைக்குச் சுமார் 2 லட்சம் டாலர் நஷ்டம் ஆன பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்தது.

ஜூலை 25 அன்று முதலில் பரிமாறப்பட்டது போராடிய மாணவர்களுக்கு இல்லை, அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களுக்கு. கைடு சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க: 'ஹால் ஆஃப் ஷேம்' பகுதியில் இருக்கும் வன்முறைப் படங்கள் ரொம்பவே கொடூரம். கைடிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம், கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.