டிசி வாங்கிட்டு வாங்க என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்

ரூ.1,85,000. பிள்ளையை வேறு கல்லூரிக்கு மாற்றித் தருகிறோம் என்ற ஒரு ஏஜென்சிக்கு மூன்று தவணையாகக் கொடுத்தது. முந்தாநாள் வரைக்கும் அவர்கள் நம்பரில் ரிங்காவது போனது, நேற்றிலிருந்து அதுவும் இல்லை. ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கத்தில் ஃபேஷன் படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் முழுசாகப் படியுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

என் தங்கை மகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் முதல் வருடம் முடித்தாள். அரியர் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடத்திலிருந்து பெங்களூரில், ஃபேஷனுக்கென்றே நடக்கிற கல்லூரிக்கு மாற வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதில் தப்பே இல்லை. திருப்பூரில் பின்னலாடையின் உற்பத்திப் பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கற்கலாம். டிசைன் டீமில் இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால் பெரிய ஊருக்குப் போகத்தான் வேண்டும்.

கோவையில் ஒரு அட்மிஷன் ஏஜென்சி. பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஏசி ரூம், சுவர் முழுக்கக் கல்லூரிகளின் லோகோ, வாசலிலேயே துணி மாட்டிப் பார்க்கிற பொம்மை (டிரெஸ் ஃபார்ம்) ஒன்று நிற்கும். இதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. மயங்கியது வேறொரு இடத்தில்.

அங்கே கவுன்சிலர் என்று உட்கார்ந்திருந்த பெண் பாப்பாவின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அவள் செய்த வேலைகளைத் தொகுத்த ஃபைலைப் பிரித்தாள். ஸ்வாட்ச் (துணி மாதிரி) ஒட்டிய தாளில் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம் இருக்குமாங் கண்ணு?" என்றாள். சிங்கிள் ஜெர்சி என்பது டி-ஷர்ட் துணி, ஜிஎஸ்எம் என்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. சரியாக 180தான். அடுத்து பேட்டர்ன் தாள், துணி வெட்டுகிற அளவு வரைபடம். "ஃப்ரன்ட் ஆம்ஹோல்ல ஒரு நாட்ச், பேக்ல ரெண்டு நாட்ச் போடோணும். நீ ரெண்டுலயும் ஒண்ணே போட்டிருக்கற பாரு. லைன்ல இருக்கறவங்க கைய முன்னபின்ன மாத்தி ஏத்திருவாங்க." ஆம்ஹோல் என்பது சட்டைக் கை பொருத்துகிற வளைவு, நாட்ச் என்பது முன்பக்கம் பின்பக்கம் தெரிய விளிம்பில் போடுகிற சின்ன வெட்டு. இருபது வருசமாக பேட்டர்ன் டேபிளில் நிற்கிறவன் நான். நானே கவனிக்காத தப்பு அது. நாட்ச் தெரிந்தவள் பொய் சொல்ல மாட்டாள் என்று மனசு முடிவு பண்ணிவிட்டது. அன்றைக்கே ரூ.25,000, பதிவுக் கட்டணம்.

அடுத்த வாரம் ரூ.60,000. போர்ட்ஃபோலியோவைத் திருத்தவும், பாடங்களுக்கு ஈக்விவலன்ஸ், அதாவது இரண்டு இடத்துப் பாடமும் சமம் என்ற சான்று, வாங்கவும் என்றார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் வந்ததுதான் குடியைக் கெடுத்த வார்த்தை: "டிசி வாங்கிட்டு வந்துருங்ண்ணா. டிசி கைல இல்லீன்னா அங்க சீட்டு பிளாக் பண்ண மாட்டாங்க." ஜூன் மாதம் டிசி வாங்கினோம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூ.1,00,000 சீட் பிளாக்கிங் கட்டினோம். மொத்தம் ரூ.1,85,000.

டிசி என்பது முதல் காகிதம் இல்லை, கடைசிக் காகிதம். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுப்படிப்பில் மாறுவது இப்படித்தான் நடக்கும். போகிற கல்லூரியில், அந்தக் கோர்ஸில், மூன்றாம் செமஸ்டரில் காலி இடம் இருக்க வேண்டும். புதுசாக இடம் போட முடியாது. இடம் இருந்தால், எடுத்துக்கொள்கிறோம் என்று அந்தக் கல்லூரி முதல்வர் எழுத்தில் தர வேண்டும். பிறகு இரண்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும், இங்கே படித்த பாடத்திட்டத்தின் சான்றிட்ட நகலும் அந்தக் கல்லூரியின் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அவர்கள் பேப்பர் பேப்பராக ஒப்பிட்டுப் பார்த்து, இதெல்லாம் ஒத்துப்போகிறது, இன்னின்ன பேப்பரைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று ஆணை போடுவார்கள். அது கைக்கு வந்த பிறகுதான் இங்கே கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கேட்க வேண்டும். அதுவும் வந்த பிறகு டிசி, நடத்தைச் சான்றிதழ், மைக்ரேஷன் சர்டிஃபிகேட். இந்த வரிசை ஒரு இடத்தில் தலைகீழானாலும் பிள்ளை நடுவழியில் நிற்கும். டிசி கொடுத்ததோடு பழைய கல்லூரியில் பெயரை அடித்துவிடுவார்கள். திரும்ப அதே வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் பல்கலைக்கழக அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும்.

ஒப்பிடுகிற இடத்தில்தான் பாதிப் பேருக்குச் சிக்கல் வரும். இங்கே முதல் வருடத்தில் பகுதி 1 தமிழ் எழுதியிருப்பாள், கர்நாடகத்தில் மொழித்தாள் வேறு. கர்நாடகத்தில் 2021-22இல் நான்கு வருடப் படிப்புமுறையைக் கொண்டுவந்து, 2024-25இல் மறுபடி மூன்று வருடத்துக்கே திரும்பிவிட்டார்கள், அதனால் பழைய சீனியர் மாணவர்கள் சொல்கிற கணக்கும் செல்லாது. பிராக்டிகல் இன்னும் மோசம். இங்கே பேசிக் தையலும் ஃபிளாட் பேட்டர்னும் (தாளில் வரைந்து வெட்டுவது) முடித்திருப்பாள், போகிற இடத்தில் அதே நேரத்தில் டிராப்பிங் (துணியைப் பொம்மை மேலேயே போட்டு உருவாக்குவது) முடித்திருக்கலாம். எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போட்ட ரெக்கார்ட் நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், என்ன பிராக்டிகல் செய்தாள் என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

இவ்வளவு வேலை இருக்கிற விஷயத்தை அவர்கள் ஒரே வரியில் முடித்தார்கள்: "ஏபிசி ஐடி இருக்குதல்லங், கிரெடிட் தன்னால டிரான்ஸ்ஃபர் ஆயிரும்." தன்னால் எதுவும் ஆகாது. ஏபிசி என்கிற அந்த கிரெடிட் பேங்க், யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதியில் வந்தது. அது மாணவர் சம்பாதித்த கிரெடிட்டை (பாடத்துக்குரிய மதிப்புப் புள்ளியை) சேர்த்து வைக்கிற கணக்கு, அவ்வளவுதான். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது போய்ச் சேர்கிற இடத்தின் முடிவு.

நிஃப்டிலும் (தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம்) லேட்டரல் என்ட்ரி, அதாவது நேரே இரண்டாம் வருடத்தில் சேர்க்கை, வாங்கித் தருகிறோம், மேனேஜ்மென்ட் கோட்டாவில் முடித்துவிடலாம் என்று ஒரு தூண்டிலும் போட்டார்கள். நிஃப்ட் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற நிறுவனம், 2006 சட்டப்படி நடப்பது. அங்கே மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று கிடையாது. லேட்டரல் என்ட்ரி உரிய படிப்பை முழுசாக முடித்தவர்களுக்கு, அதுவும் நுழைவுத் தேர்வு எழுதித்தான். டிகிரி பாதியில் இருக்கிற பிள்ளைக்கு அந்த வழியே இல்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பணம் போன பிறகு நடந்ததைச் சொன்னால் வயிறு எரிகிறது. ஜூலையில் கேட்டால், "யுனிவர்சிட்டி சர்வர் டவுனுங்ண்ணா." அதற்கடுத்த வாரம், "சார் மீட்டிங்ல இருக்காருங், அவரே கூப்புடுவாரு." அதற்கப்புறம், "ஆடி பொறந்துருச்சுங்ண்ணா. புள்ளைய ஆடில கொண்டுபோயி எதுக்குங் சேக்கறது, ஆவணி ஒண்ணாந்தேதி நல்ல நாளாப் பாத்துப் போட்டுக்கலாம்." நம் ஊரில் இதை எதிர்த்து யார் பேசுவார்கள்? என் தங்கையும் சரிதான் என்றாள். அந்த ஆடி மாசத்தில்தான் சேர்க்கைக்கான கடைசித் தேதி போய்விட்டது. நம்முடைய வழக்கத்தையே எடுத்து நம் கழுத்தில் சுருக்குப் போட்டார்கள்.

ஆவணியில் ஒரு கடிதம் கொடுத்தார்கள், புரொவிஷனல் அட்மிஷன் என்று. கல்லூரி லெட்டர்ஹெட், வட்ட சீல் எல்லாம் இருந்தது. சேர்க்கை எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கீழே இருந்த மெயில் ஐடி ஜிமெயில். நானே கல்லூரி வெப்சைட்டில் இருந்த லேண்ட்லைனுக்குப் போட்டேன். இரண்டே நிமிசத்தில் சொல்லிவிட்டார்கள்: இப்படி ஒரு ஏஜென்சி எங்களுக்குத் தெரியாது, இந்தக் கடிதம் எங்களுடையது இல்லை, மூன்றாம் செமஸ்டரில் இடமே இல்லை. இந்தப் போனை மே மாதமே போட்டிருந்தால் ரூ.1,85,000 கையில் இருந்திருக்கும், பாப்பாவின் பழைய சீட்டும் இருந்திருக்கும்.

திரும்பப் போய்க் கேட்டால், நாட்ச் காட்டித் தந்த அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். ரீஃபண்ட் ஃபார்ம் ஒன்று கொடுத்தார்கள், 60 வேலை நாள் ஆகுமாம். பின்னாடி திருப்பினால் பொடி எழுத்தில் "கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது". சத்தம் போட்ட பிறகு ஒருவர் வந்து, "வருசம் வீணாப் போவ வேண்டாங்ண்ணா, நம்ம அகாடமிலயே ஒரு வருச டிப்ளமோ போட்டுத் தர்றோம், கட்டுனதுல கழிச்சுக்கலாம்" என்றார். கூடவே வெளிமாநிலப் பல்கலைக்கழக டிகிரியும் சேர்ந்து வருமாம். டிகிரி கொடுக்கிற உரிமை சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனத்துக்கும்தான். அகாடமிகள் ஃபிரான்சைஸ் எடுத்து டிகிரி விற்பதை யுஜிசி அனுமதிப்பதில்லை. ஒரிஜினல் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்கவே மூன்று வாரம் அலைந்தோம். கல்லூரிகளே ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இல் யுஜிசி சொல்லியிருக்கிறது, இவர்கள் கல்லூரியும் இல்லை.

போர்ட்ஃபோலியோவும் வந்தது. ரூ.60,000 வாங்கித் திருத்திய லட்சணம்: ஸ்வாட்ச் ஒட்டிய மூன்று தாளில் துணியைக் காணோம், பசை காய்ந்த சதுரம்தான் இருக்கிறது. நெட்டில் எடுத்த மூட் போர்டு (டிசைன் யோசனைப் படத்தொகுப்பு) நான்கைச் சொருகியிருக்கிறார்கள். ஆம்ஹோலில் அந்த நாட்ச் இன்னும் அப்படியே ஒன்றுதான்.

கூடப் படித்த பிள்ளைகள் மூன்றாம் செமஸ்டர் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ரூ.1,85,000 பெரிசு, அதைவிடப் பெரிசு இது.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நிதானம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். போகிற கல்லூரியோடு நீங்களே நேரில் பேசுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். பணத்தைக் கல்லூரிப் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் கட்டுங்கள், எங்கள் ரூ.1,00,000 போனது ஏதோ டிரேடர்ஸ் கணக்குக்கு. போகிற பக்கத்து ஆணையும் இங்கத்திய என்ஓசியும் கைக்கு வராமல் டிசியைத் தொடாதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிசமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தாமதமானால் கணக்கில் நிறுத்தி வைக்கப் பணமே இருக்காது. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் திங்கட்கிழமை போலீசில் மோசடிப் புகார் கொடுக்கிறோம்.

இன்னொன்று. ரசீதில் 18% ஜிஎஸ்டி உட்பட என்று அச்சடித்து எண்ணும் போட்டிருந்தார்கள். வக்கீல்தான் எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்க வேண்டும். எங்கள் ரசீதில் 14தான் இருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் பணம் கட்டியவர்கள் உங்கள் ரசீதை இப்போதே எடுத்து எண்ணுங்கள்.