சாம் குக்கா, ஜேம்ஸ் பிரவுனா? மூன்று மேடை ஆல்பங்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையைக் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடுவார்கள். மேடையில் பதிவான ஆல்பம் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்குவது? விசாரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப மூன்று பெயர்கள்தான் அடிபடும். ஜேம்ஸ் பிரவுனின் ‘லைவ் அட் தி அப்பல்லோ’, சாம் குக்கின் ‘லைவ் அட் தி ஹார்லெம் ஸ்கொயர் கிளப், 1963’, அதே சாம் குக்கின் ‘அட் தி கோபா’. முதல் இரண்டும் மூன்று மாத இடைவெளிக்குள் பதிவானவை. மூன்றாவது ஒன்றரை வருஷம் தள்ளி, 1964 ஜூலையில். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஹார்லெம் ஸ்கொயர் கிளப் இருந்தது ஹார்லெமில் அல்ல. புளோரிடாவின் மயாமியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஓவர்டவுன் பகுதியில். நியூயார்க்கின் ஹார்லெமில் இருப்பது அப்பல்லோ அரங்கம்.

குரல் வளத்தையும் வாத்திய நேர்த்தியையும் மட்டும் தராசில் வைப்பதாக இருந்தால் மேடைப் பதிவே தேவையில்லை. அதெல்லாம் ஸ்டூடியோவில் இன்னும் சுத்தமாகக் கிடைக்கும். இரைச்சலையும் மைக் உறுமலையும் பொறுத்துக்கொண்டு இந்தத் தட்டுகளைக் கேட்பதே எதிரில் இருக்கும் கூட்டத்துக்காகத்தான். பாடகர் அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கிறார், அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

அப்பல்லோவிலிருந்து ஆரம்பிக்கலாம், வரிசையில் அதுதான் முந்தியது. 1962 அக்டோபர் 24, புதன்கிழமை. கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகமே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த வாரம். அந்த அரங்கத்துக்குள் அதெல்லாம் எட்டியதாகவே தெரியவில்லை. பிரவுனின் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் முதலாளி சிட் நேத்தனுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. ஏற்கெனவே தட்டாக வந்த பாட்டுகளையே மேடையில் திரும்பப் பாடிப் பதிவு செய்தால் யார் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. அன்றைய சந்தை தனிப்பாட்டுத் தட்டை நம்பியிருந்த சந்தை, அதனால் அந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. பிரவுன் தன் கைக்காசு 5,700 டாலரைப் போட்டுப் பதிவு செய்தார். 1963இல் வெளிவந்த ஆல்பம் பில்போர்டு இசைப் பத்திரிகையின் பாப் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் அதில் தங்கியது. வானொலிக்காரர்கள் தட்டின் ஒரு பக்கத்தை முழுசாகவே ஓடவிட்டார்கள்.

மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முதலில் ஆர்கன் வாசிக்கும் ஃபேட்ஸ் கான்டர் வந்து பிரவுனின் ஹிட் பாட்டுகளை ஒவ்வொன்றாக அறிவிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பேண்ட் ஒரு வெட்டு வெட்டுகிறது, அடுத்த பெயருக்குச் சுருதி கொஞ்சம் மேலே ஏறுகிறது. பிரவுன் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் பாதி வெந்துவிடுகிறது. அப்புறம் மூச்சு விட இடமில்லை. ஒரு பாட்டு முடிந்த கையோடு பேண்ட் ஒரு சின்ன இணைப்பை அடித்து அடுத்ததற்குள் தள்ளிவிடுகிறது.

இந்த ஆல்பத்தின் உயிர் ‘லாஸ்ட் சம்ஒன்’. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாட்டில் பேண்ட் கிட்டத்தட்ட ஒரே சின்னச் சொற்கட்டைத்தான் திருப்பித் திருப்பி வாசிக்கிறது. பிரவுன் குரலைத் தழைத்துக் கெஞ்சுகிறார், நிறுத்துகிறார், காத்திருக்கிறார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு படி ஏறுகிறார். நெஞ்சில் தைக்கும் இடம் வரும்போது கத்துங்கள் என்று கூட்டத்துக்கு வாய்விட்டே பாடம் நடத்துகிறார், அவர்களும் சொன்னபடி கத்துகிறார்கள். வெறி பிடித்த ஆல்பம் என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறி முழுக்கக் கூட்டத்திடம்தான். பிரவுன் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிற ஆள் மாதிரி அவ்வளவு கணக்காக இருக்கிறார். எந்த இடத்தில் எத்தனை வினாடி மௌனம் என்பது வரைக்கும் அவர் கையில் இருக்கிறது. அங்கே கூட்டமும் அவர் வாசிக்கும் இன்னொரு வாத்தியம்.

மயாமியில் அப்படியில்லை. 1963 ஜனவரி 12. அதற்கு முன் ‘யூ செண்ட் மீ’ பாடி 1957இல் முதலிடம் பிடித்த சாம் குக்கை வெள்ளைக்காரர் வீட்டு வரவேற்பறைகளுக்கு ஏற்ற, பட்டுப்போன்ற குரல்காரராகத்தான் நாடு அறிந்திருந்தது. ஆனால் அவர் சோல் ஸ்டிரர்ஸ் என்ற தேவாலயப் பாடல் குழுவில் பல வருஷம் பாடி வந்தவர். மயாமியில் அந்தப் பழைய தொண்டை திரும்ப வருகிறது. கரகரக்கிறது, பிசிறடிக்கிறது, சில இடங்களில் பாட்டு கிட்டத்தட்டப் பிரசங்கமாகவே ஆகிவிடுகிறது. அவர் தட்டுகளை வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனம் கேட்டுப் பார்த்துவிட்டு, இது மிகவும் கரடுமுரடு, அவர் பெயருக்கு ஆகாது என்று நாடாவை அலமாரியில் வைத்துப் பூட்டியது. வெளியே வந்தது 1985இல். குக் இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

‘பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ’ ஒன்று போதும், எந்த அளவுக்குக் கதை மாறிவிட்டது என்று புரிந்துகொள்ள. 1962இல் வந்த ஸ்டூடியோ வடிவத்தில் குக் ஓர் அடி பாட, இன்னொரு பாடகரான லூ ராவ்ல்ஸ் பின்னால் நின்று “யே” என்று ஏற்றுப் பாடுவார், அழகாக, அளவாக. மயாமியில் பாட்டுக்கு முன்பே ஒரு நீண்ட முன்னுரை இருக்கிறது. காதலியோடு சண்டை, டெலிபோனை எடுக்கிறார், ஆபரேட்டரிடம் அவளுக்கு இணைப்புக் கேட்டு மன்றாடுகிறார், ஒருவழியாக அவள் எடுத்ததும் ‘யூ செண்ட் மீ’யிலிருந்து ஒரு வரியை மட்டும் வீசுகிறார். கூட்டம் கூரையைப் பிய்க்கிறது. ஊரறிந்த அந்த முதலிட ஹிட்டை முழுசாகப் பாடாமல் ஒரு வரியில் கிள்ளிக் கொடுத்துவிட்டு நகர்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? அதன்பின் அசல் பாட்டு தொடங்கும்போது லூ ராவ்ல்ஸின் “யே”யை மொத்தக் கிளப்பும் எடுத்துக்கொள்கிறது. ‘செயின் கேங்’கிலும் அப்படித்தான், கைதிகள் சம்மட்டி போடும் அந்த “ஹு, ஹா” முழக்கம் சனங்களுடையது. இன்னோரிடத்தில், தனக்கு ரத்தப் புற்றுநோய் என்று அப்போது உலவிய வதந்தியைப் பாட்டின் நடுவிலேயே சிரித்துக்கொண்டு தட்டிவிடுகிறார். கிங் கர்டிஸின் சாக்ஸபோன் பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டே இருக்கிறது.

பிரவுன் கூட்டத்தை வாசிக்கிறார் என்றேன். குக் கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிறார். ‘சென்டிமென்டல் ரீசன்ஸ்’ மெட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தைக் கேட்டால் நான் சொல்வது பிடிபடும்.

இனி கோபா. நியூயார்க்கின் கோபகபானா, மேஜை போட்டுச் சாப்பாடு பரிமாறும், பெரும்பாலும் வெள்ளையர்கள் வரும் உயர்தர இரவு விடுதி. 1958இல் அங்கே ஏறி எடுபடாமல் போனவர் குக். அந்தத் தழும்பு அவருக்கு ஆறவே இல்லை. 1964இல் டைம்ஸ் சதுக்கத்தில் பிரம்மாண்டமான விளம்பரப் பலகை, ரெனே ஹாலின் இசை ஒழுங்கமைப்பு, பெரிய பேண்ட் என்று முழு ஏற்பாட்டோடு திரும்பப் போனார். விமர்சகர்கள் பலருக்கு இந்த ஆல்பம் என்றாலே இளக்காரம். மயாமியில் இருப்பது நிஜ சாம், இங்கே இருப்பது கோட்டு போட்ட வேஷம் என்பார்கள். இது எனக்குச் சோம்பேறித்தனமான வாதமாகப் படுகிறது. கோபாவை யாரும் அவர்மேல் திணிக்கவில்லை, அவரே ஆசைப்பட்டுப் போய் ஜெயித்த இடம் அது. கறுப்பினத்தவரை வாசலிலேயே திருப்பியனுப்பிய வரலாறு உள்ள விடுதியில் நின்று, சம உரிமைப் போராட்டத்தோடு சேர்ந்தே ஒலித்த ‘புளோயிங் இன் தி விண்ட்’ பாடுவது சும்மா இல்லை.

ஆனாலும் ஒரே பாட்டை இரண்டு தட்டிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் கோபாவின் பலவீனம் மறைவதில்லை. ‘ட்விஸ்டிங் தி நைட் அவே’ இரண்டிலும் இருக்கிறது. கோபாவில் அது ஓட்டமாக ஓடுகிறது, பித்தளை வாத்தியங்கள் பளபளக்கின்றன, சரியான நேரத்தில் முடிந்து சரியான அளவு கைத்தட்டல் வருகிறது. மயாமியில் அதே பாட்டில் கைக்குட்டையை எடுத்துச் சுற்றுங்கள் என்று ஏவுகிறார், பேண்டும் கூட்டமும் ஒரே மூச்சில் இரைக்கின்றன, பாட்டு முடிய மறுக்கிறது. ‘இஃப் ஐ ஹேட் எ ஹேமர்’ பாட்டில் கோபா கூட்டத்தையும் பாட வைக்கப் பார்க்கிறார். அவர்களும் பாடுகிறார்கள், விருந்துக்கு வந்த இடத்தில் மரியாதைக்குப் பாடுவது போல.

கோபாவில் தவறவிடக் கூடாத ஓர் இடம் உண்டு. ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்’, ‘சென்டிமென்டல் ரீசன்ஸ்’, ‘யூ செண்ட் மீ’ மூன்றையும் கோத்துப் பாடும் மெட்லி. மயாமியின் கரகரப்பு துளியும் இல்லாத, தண்ணீர் போல ஓடும் குரல். முதல் பாட்டை 1966இல் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் எடுத்துத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டார், இருந்தும் குக்கின் அந்த ஒன்றரை நிமிஷத்துக்கு ஈடில்லை என்பது என் கட்சி. ‘எ சேஞ்ச் இஸ் கோன்னா கம்’ அந்த வருஷத் தொடக்கத்தில்தான் பதிவாகியிருந்தது, அதை இந்த ஆல்பத்தில் தேடாதீர்கள், கிடைக்காது.

ஒன்றுதான் என்றால் ஹார்லெம் ஸ்கொயர் கிளப். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு என்றால் அப்பல்லோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தாளத்தையே முன்னிறுத்திய ஃபங்க் இசை எங்கிருந்து முளைத்தது என்பதை அறிய விரும்புகிறவர்கள் வரிசையை மாற்றி அப்பல்லோவை முதலில் வாங்கினாலும் தப்பில்லை. கோபாவை முழு விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை, அந்த மெட்லியையும் ‘டென்னசி வால்ட்ஸ்’ பாட்டையும் இணையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பல்லோவை ஃபோனில் கேட்பவர்கள் பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் நடுவில் வெட்டினால் பாதி சுவை போய்விடும். பழைய தட்டில் ‘லாஸ்ட் சம்ஒன்’ முதல் பக்கத்தில் அடங்காமல் பாதியில் நின்றுவிடும், எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டால்தான் மீதி அலறல். இப்போது வரும் பதிப்புகளில் அந்தத் தொல்லை இல்லை, பத்து நிமிஷமும் ஒரே ஓட்டமாக ஓடுகிறது.