கசனாரேயா, பந்தனாலா: கௌபாய் சமவெளிக்கு எந்த மாதத்தில் எங்கே செல்வது

குதிரையேறி மாடு மேய்க்கும் மக்களின் அன்றாட வாழ்க்கையை அவர்களோடு தங்கியிருந்து பார்க்க வேண்டும் என்று நானும் என் தங்கையும் திட்டமிடத் தொடங்கியபோது, தென் அமெரிக்காவில் மூன்று இடங்கள் எங்கள் முன் இருந்தன. ஒன்று, கொலம்பியாவின் கிழக்கில் தொடங்கி வெனிசுவேலா வரை ஓரினோகோ ஆற்றுப் படுகையில் விரிந்து கிடக்கும் யானோஸ் புல்வெளி. இன்னொன்று, பிரேசிலின் மேற்கில் உள்ள பந்தனால் ஈரநிலம். மூன்றாவது, கயானாவின் தெற்குப் பகுதியில் உள்ள ரூபுனூனி புல்வெளி. நாங்கள் இறுதியில் சென்றது யானோஸின் கசனாரே மாகாணத்துக்கு. மார்ச் மாதத்தில் பத்து நாட்கள் அங்கே இருந்தோம். பந்தனாலுக்குத் தங்கை அதற்கு முன்பே ஒரு முறை சென்று வந்திருந்தாள் என்பதால், அதைப் பற்றி நான் எழுதுவது அவள் வழியாக அறிந்தது. ரூபுனூனிக்கு நாங்கள் இருவருமே சென்றதில்லை.

மூன்று இடங்களிலும் வெயிலும் கொசுவும் ஒன்றுதான். மூன்று நாடுகளுமே மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்பதால், தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தப்படும் நிலை வரலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே அந்தச் சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே அதைப் போடுகிறார்கள் என்பதால், பயணச்சீட்டு எடுத்த கையோடு இதை முடித்துவிடுவது நல்லது. மொழியைப் பொறுத்தவரை ரூபுனூனியில் ஆங்கிலம் போதும். மற்ற இரண்டிலும் ஸ்பானிஷோ போர்ச்சுகீசியமோ கொஞ்சமாவது தெரியாமல் பண்ணையில் யாருடனும் பேச முடியாது.

இவற்றைவிட முக்கியமானது தண்ணீர். எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பதற்கு முன்னால் எந்த மாதம் விடுப்பு கிடைக்கும் என்பதைத் தீர்மானியுங்கள் என்றே யார் கேட்டாலும் சொல்வேன். யானோஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. பந்தனால் தெற்கே இருக்கிறது. அதனால் ஒன்றில் கோடையாக இருக்கும்போது மற்றதில் வெள்ளம் நிற்கிறது. கசனாரேயில் டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம். ஏப்ரலில் தொடங்கும் மழை நவம்பர் வரை நீள்கிறது. பந்தனாலில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்து, மே மாதத்துக்குப் பிறகுதான் நிலம் மெல்ல வெளிப்படுகிறது. அங்கே சரிவு அவ்வளவு குறைவு என்பதால், வடக்கே பெய்த மழை தெற்கு எல்லையைச் சென்றடைய மாதக்கணக்காகிறது. பொங்கல் விடுமுறையை ஒட்டி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ கிளம்புகிறவர் பந்தனாலுக்குச் சென்றால் சேற்றையும் மூடிய பாதைகளையுமே பார்க்க நேரிடும்; ஜூலை, ஆகஸ்டில் கிளம்புகிறவர் கசனாரேக்குச் சென்றாலும் அதே கதைதான்.

சமவெளி என்று சொல்கிறோமே தவிர, கசனாரேயில் நிலம் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கிறது. மேட்டை ‘பாங்கோ’ என்றும், தாழ்வை ‘பாஹோ’ என்றும் அழைக்கிறார்கள். பார்த்த கண்ணுக்கு இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது; ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் வீடு, தொழுவம், வழித்தடம் எல்லாம் மேட்டில்தான் அமைந்திருக்கின்றன. மழைக்காலத்தில் தாழ்வு முழுவதும் நீருக்குள் போய்விட, மாடுகள் மேட்டுக்கு ஏறுகின்றன. வறண்ட காலத்திலோ இது தலைகீழாகிறது. எஞ்சியிருக்கும் குட்டைகளைச் சுற்றியே எல்லா உயிர்களும் கூடுகின்றன. சிகுவீரோ என்று அவர்கள் அழைக்கும் கேப்பிபாரா மந்தையாகக் கிடக்க, அவற்றுக்கு நடுவே முதலைகள் வாயைத் திறந்தபடி வெயில் காய, ஜபிரு நாரைகளும் செந்நிற அரிவாள்மூக்கன்களும் ஒரே குட்டையில் இரை தேடுவதைக் குதிரை மேலிருந்தே பார்க்கலாம். இந்தக் காட்சிக்குப் பின்னால் உள்ள விலையையும் சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டு வறட்சியில் இதே கசனாரேயின் பாஸ் தே அரிபோரோ வட்டாரத்தில் குட்டைகள் வற்றி ஆயிரக்கணக்கான விலங்குகள் மாண்டன; இறந்தவற்றில் பெரும்பாலானவை சிகுவீரோக்கள்.

விலங்குகள் மட்டுமே நோக்கம் என்றால் பந்தனாலே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பொகோனேயிலிருந்து போர்த்தோ ஜோஃப்ரே வரை ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளும் டிரான்ஸ்பந்தனெய்ரா மண்சாலை, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாலங்களைக் கடந்து செல்கிறது. அதன் முடிவில் படகேறினால், ஜூலை முதல் அக்டோபர் வரை ஆற்றங்கரையில் ஜாகுவாரைப் பார்க்கும் வாய்ப்பு உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அதிகம். தங்கை நான்கு நாட்களில் மூன்றைப் பார்த்திருக்கிறாள். தங்கும் விடுதிகளும் வழிகாட்டிகளும் அங்கே நன்கு பழகியவர்கள். அங்குள்ள மாடுகளில் பெரும்பாலானவை நெலோரே இனம். நம் நெல்லூரின் பெயரைத் தாங்கி, ஓங்கோல் மாடுகளின் வழிவந்த அந்த வெண்ணிறத் திமில் மாடுகளை அவ்வளவு தொலைவில் பார்த்தபோது சொந்த ஊர்க்காரரைச் சந்தித்தது போல இருந்தது என்றாள். கொம்பை ஊதி மந்தையை அழைத்துச் செல்லும் பந்தனெய்ரோக்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆயினும் அவள் தங்கியது சுற்றுலா விடுதியில். மாட்டு வேலையைச் சாலையிலிருந்து கடந்துபோகும்போதுதான் பார்த்தாள். காட்டுத்தீயையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020இல் பந்தனாலின் கால்பங்குக்கு மேல் எரிந்தது. தீ மூளும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே ஜாகுவார் பார்க்கவும் உகந்த மாதங்கள் என்பதுதான் சிக்கல்.

கசனாரேயில் நாங்கள் தங்கியது ‘ஆத்தோ’ எனப்படும் மாட்டுப் பண்ணை ஒன்றில். கொலம்பியத் தலைநகர் பொகோத்தாவிலிருந்து கசனாரேயின் தலைநகரான யோபாலுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து தார்ச்சாலையில் பாஸ் தே அரிபோரோ, பிறகு மண்பாதை. விருந்தினர் வந்திருக்கிறார்கள் என்பதற்காகப் பண்ணையில் எந்த வேலையும் மாறவில்லை. மொரிச்சே பனை நாரில் பின்னிய தொங்குபடுக்கையில் உறங்கி, விடியலுக்கு முன் நான்கு மணிக்கு எழுந்து தொழுவத்துக்குச் சென்றோம். அங்கே பார்த்ததற்காகவே இந்த ஒப்பீட்டில் என் மனம் ஒரு பக்கம் சாய்கிறது.

பால் கறக்க வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். அடைப்பின் உள்ளே நாற்பது மாடுகள் நின்றிருக்க, அவர் ‘மரிபோசா’ என்று ஒரு பெயரை நீட்டிப் பாடினார். பட்டாம்பூச்சி என்று பொருள்படும் அந்தப் பெயருக்குரிய பசு மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாயிலுக்கு வந்தது. அதன் கன்றை அவிழ்த்துவிட்டு, மடி சுரக்கும் வரை ஊட்டவிட்டு, பிறகு கன்றைத் தாயின் முன்னங்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கறக்கத் தொடங்கினார். கறந்து முடிக்கும் வரை பாட்டு நிற்கவில்லை. தாளத்துக்குப் பால் பாத்திரத்தில் விழும் ஓசைதான் இருந்தது. கன்றை ஊட்டவிட்டுக் கறப்பதை எங்கள் பாட்டி வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பாட்டு என்பதை அங்கேதான் கேட்டோம்.

யானோஸின் மாடு மேய்ப்பவர்களான யானேரோக்களுக்குக் கறக்கும்போது ஒரு பாட்டு, மந்தைக்கு முன்னால் சென்று வழிநடத்தும்போது ஒரு பாட்டு, இரவில் மாடுகள் மிரளாமலிருக்க அவற்றைச் சுற்றிவந்து பாடும் காவல் பாட்டு எனத் தனித்தனியே உண்டு. கொலம்பியாவும் வெனிசுவேலாவும் இணைந்து முன்மொழிந்த இந்தப் பாடல்களை 2017இல் யுனெஸ்கோ, அவசரமாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மாடுகள் இப்போது லாரியில் போகின்றன. நாட்கணக்காக மந்தை நடத்திச் செல்லும் பயணம் குறைந்துபோனதால் காவல் பாட்டுக்கு இரவே இல்லாமல் போயிற்று. இளைஞர்கள் எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்குச் செல்கிறார்கள். எங்களுக்குப் பாடியவரின் மகன்கள் இருவரும் அப்படித்தான். காவல் பாட்டை அவர் எங்கள் வேண்டுகோளுக்காக முற்றத்தில் பாடிக் காட்டினார். கறக்கும் பாட்டை மட்டும் யாரும் கேட்காமலே தினமும் பாடினார்.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே அறிந்து செல்ல வேண்டும். ஒன்று, ‘கொலேயோ’ என்னும் விளையாட்டு. குதிரையில் துரத்திச் சென்று காளையை வாலைப் பிடித்து வீழ்த்துவார்கள். திமிலை மட்டுமே பிடிக்கலாம், வாலைத் தொடக்கூடாது என்ற ஏறுதழுவுதல் விதியோடு வளர்ந்த எனக்கு அதை முழுமையாகப் பார்க்க மனம் வரவில்லை. பாதியிலேயே எழுந்து வந்தேன். மற்றொன்று உணவு. விருந்து என்றால் கன்றிறைச்சியைக் கம்பிகளில் குத்தி விறகுத் தணலில் மணிக்கணக்கில் வாட்டும் மமோனாதான். மரக்கறி மட்டும் உண்ணும் என் தங்கை சோறு, பொரித்த வாழைக்காய், புதிய பாலாடைக்கட்டி, அரிசி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வளையமாகச் சுட்ட ‘பான் தே அர்ரோஸ்’ ஆகியவற்றைக் கொண்டு பத்து நாட்களையும் குறையின்றிக் கழித்தாள். முன்னரே சொல்லிவைத்ததால் அது முடிந்தது.

மாதத்தைத் தேர்வதில் நாங்களும் ஒரு பிழை செய்தோம். மார்ச் இறுதிவரை பாதை உறுதியாக இருக்கும் என்று வண்டி ஏற்பாடு செய்தவர் சொன்னதை நம்பி, மாதத்தின் கடைசிப் பத்து நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். திரும்புவதற்கு முந்தைய இரவு மழை கொட்டியது. வரும்போது இரண்டரை மணி நேரத்தில் கடந்த மண்பாதை, போகும்போது ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டது; ஓர் ஓடையில் சக்கரங்கள் பாதி புதைந்து, பண்ணையிலிருந்து டிராக்டர் வந்து இழுக்கும் வரை காத்திருந்தோம். பொகோத்தா விமானம் தவறியது. மந்தைகளை ஒன்றுசேர்த்துச் சூடுபோடும் பெரிய வேலைகள் மழை தொடங்கும்போதும் முடியும்போதும்தான் நடக்கின்றன என்று பண்ணையில் சொன்னார்கள். அதைப் பார்க்க விரும்புகிறவர் இந்த அபாயத்தை ஏற்கத்தான் வேண்டும். மழைக்காலத்தில் நான் தங்கியதில்லை என்பதால் அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். வெனிசுவேலா எல்லையை ஒட்டிய அராவுகா மாகாணத்தை மட்டும், ஆயுதக் குழுக்களின் நடமாட்டம் காரணமாக, எந்த மாதத்திலும் தவிர்ப்பது நல்லது.

ரூபுனூனியை நாங்கள் விட்டதற்குக் காரணம் தொலைவுதான். ஈஸ்டரின்போது லெதம் நகரில் நடக்கும் ரோடியோவும், மகுஷி, வப்பிஷானா பழங்குடியினரே அங்கு மாட்டு வேலை செய்கிறவர்கள் என்பதும் எங்களை ஈர்த்தன. ஆனால் தலைநகரிலிருந்து தரைவழியே செல்வதென்றால் பெரும்பகுதி மண்சாலை. சிறு விமானத்துக்குப் பணம் ஒதுக்க முடிந்து, ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவராகவும் இருந்தால், அதை முதலில் பரிசீலிக்கலாம்.

தங்கை அடுத்த ஜனவரியில் மீண்டும் கசனாரேக்குச் செல்லவிருக்கிறாள். இம்முறை மூன்றாவது வாரத்தில் போய், பிப்ரவரி முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுவதாகப் பண்ணைக்கு எழுதியிருக்கிறாள். பாட்டைப் பதிவுசெய்யலாமா என்று கேட்டதற்கு, பால் கறந்து முடித்த பிறகு செய்துகொள்ளலாம், புதிய கருவியைப் பார்த்தால் பசுக்கள் பாலை அடக்கிக்கொள்ளும் என்று பதில் வந்திருக்கிறது.