140 ரூபாய் காலண்டரும் அதன் அடிவரியும்

வழக்கமாக மளிகைக் கடையில் சும்மா கொடுக்கும் தினசரி காலண்டர்தான் எங்கள் வீட்டுக்கு. இந்த வருஷம் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். சரி என்று 140 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன்.

சிவகாசி அச்சு. ஆடி 18 அன்றே அங்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். அத்தனை மாதம் கையில் இருந்தும் தகரப் பட்டையில் கோட்டை விட்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் ஒரு தாளைக் கிழிக்கப் போய் பதினோரு தாள் கையோடு வந்துவிட்டது. இப்போது கிளிப் போட்டு நிற்கிறது. மற்றபடி எழுத்து பெரிசு, ராகு காலம், எமகண்டம் எல்லாம் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

நான் பார்த்து வாங்கியது அடியில் இருக்கும் ஒரு வரிக்காக. அதில் பாதி தேறாது. 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று மார்ச்சில் 'ஓர் அறிஞர்' சொன்னார். ஆகஸ்டில் அதையே 'ஒரு ஞானி' சொன்னார். இடையில் ஞானம் வந்திருக்கும் போல.

ஆனால் வாரத்துக்கு ரெண்டு நாள் பழமொழி வரும். கொடுத்த காசு அதற்குத்தான். நான் தோசைக்கல்லைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று வந்தது. அந்த 'என்றாளாம்' இருக்கிறதே, அதில்தான் கெட்டிக்காரத்தனம். உன்னை என்று சொல்லவில்லை, எவளோ ஒருத்தியை. உறைத்தால் அது நம் பாடு. அறிஞர் நேராக முகத்தைப் பார்த்து 'முயற்சி செய்' என்கிறார், யார் கேட்பது? சங்கத்து அன்னதானத்தில் என் வீட்டுக்காரர் நெய்க் கரண்டியோடு நின்று என் இலையில் மட்டும் குளம் வெட்டினார். மறுநாள் தாளில் 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே'. அதைக் கிழித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தேதி கிழிக்கும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் காலண்டர் வியாழன் காட்டியது. நானும் ராகு காலம் ஒன்றரைக்குத்தான் என்று நம்பிப் பன்னிரண்டே காலுக்குச் சீட்டுப் பணம் கட்டக் கிளம்பிவிட்டேன். புதனுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பி வந்து தேடினால் புதன்கிழமைத் தாள் எங்குமே இல்லை.

நாலு நாள் கழித்து அத்தையின் சுருக்குப் பையில், வெற்றிலைக்கு அடியில் நாலாக மடித்தபடி கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.'

"அதுல ஏதோ எழுத்துப் பிழை இருந்துச்சும்மா, அதான்" என்றார் அத்தை.

அடுத்த வருஷமும் இதையேதான் வாங்குவேன். கிளிப் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.