கண்ணாடிக் கூரைக்கு எந்தத் திரை: மோட்டார் சுருளா, கம்பியில் ஓடும் துணியா?

கோவைப் பக்கம் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் முற்றத்தின் மேல் கண்ணாடி வேய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மழை உள்ளே வராது, வெளிச்சம் குறையாது என்பதெல்லாம் உண்மைதான். வெயிலைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் கண்ணாடியைப் பொருத்திய பிறகுதான் எழுகிறது. கோவை வட அட்சரேகை 11 பாகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். எங்கள் முற்றம் 10 அடிக்கு 13 அடி, அதாவது சுமார் 12 சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் என்று கொண்டால், அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சாதாரணத் தெளிந்த கண்ணாடி உள்ளே விட்டுவிடும். அந்த வெப்பத்தை வெளியேற்ற இரண்டரை டன்னுக்கும் அதிகமான ஏசி வேண்டும்.

வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது, சாயம் ஏற்றிய கண்ணாடி போடுவது ஆகியவற்றை நான் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். அவை மழைநாளிலும் நிலவொளியிலும் அதே மங்கலைத் தரும். வேண்டும்போது விரிந்து, வேண்டாதபோது கண்ணில் படாமல் ஒதுங்கும் திரைதான் தேவை என்று முடிவானதும் மூன்று வழிகள் மிஞ்சின: கண்ணாடிக்கு வெளியே ஜிப் ஸ்கிரீன் (துணியின் ஓரங்கள் ஜிப் போலத் தடத்துக்குள் பிடிபட்டு ஓடும் சுருள்திரை), உள்ளே மோட்டாரில் சுருளும் ரோலர் திரை, உள்ளே கம்பி வடத்தில் மடிந்து ஓடும் துணி. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கப்போவதில்லை.

வெப்பம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் வெளித்திரைக்கு இணையில்லை. வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுத்துவிட்டால் வீட்டுக்குள் வருவது மிகக் குறைவு. உள்ளே இருக்கும் திரையில் பட்ட ஒளி வெப்பமாக மாறியபின், அந்த வெப்பக்கதிர் கண்ணாடி வழியே திரும்பிப் போவதில்லை. வெண்ணிறத் துணி ஒளியாகவே திருப்பியனுப்பும் பங்கு மட்டும்தான் வெளியே போகும். ஆனாலும் எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று சாதாரணமானதன்று. காற்றை உணர்ந்து தானாகச் சுருட்டிக்கொள்ளும் சென்சார் கிடைக்கிறது என்றாலும், அதுவும் மொட்டைமாடி வெயிலில் காயும் இன்னொரு கருவிதான். சரிவு போதாத கூரையில் விரித்த துணிமேல் மழைநீர் தேங்கும். மயில் எச்சமும் வேப்பஞ்சருகும் சேர்ந்தே சுருளும். வெளித்திரையை நான் பிறர் வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன் என்பதால் அதன் நீண்டநாள் உழைப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல முடியாது. கண்ணாடிக்குக் கீழே மூடிய ஏசி அறை இருப்பவர்கள் மட்டும், பராமரிப்பைப் பொறுத்துக்கொண்டேனும் வெளித்திரைக்கே போகலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே உண்மையான போட்டி உள்ளே இருக்கும் இரண்டுக்கும் இடையில்தான். தோற்றத்தில் ரோலர் திரை வெல்லுகிறது, அதில் ஐயமில்லை. 50 மில்லிமீட்டர் உருளையில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனுள்ள துணியை நான்கு மீட்டர் நீளம் சுற்றினாலும் உருளையின் குறுக்களவு எட்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. ஃபால்ஸ் சீலிங்கில் அரையடிப் பள்ளம் விட்டால் உருளை முழுவதும் மறைந்துவிடும். விரித்தாலும் பக்கவாட்டுத் தடங்களுக்குள் மடிப்பேதுமின்றிச் சமதளமாக நிற்கும். கம்பியில் ஓடும் துணியோ முழுவதும் ஒதுங்கிய பிறகும் ஓரடி அகலத்துக்கு மடிப்புமடிப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் பத்து அங்குலம் கீழிறங்கும் உத்தரம் ஒன்றைக் கட்டச் சொல்லி அதற்குப் பின்னால் மறைத்திருக்கிறேன். அப்படியும் மாடிப்படியில் ஏறுகிறவர்கள் கண்ணில் அது படத்தான் செய்கிறது.

அப்படியிருந்தும் ரோலரை வேண்டாமென்றதற்கு முதன்மைக் காரணம் துப்புரவு. செங்குத்தான சன்னல் திரையில் தூசி வழிந்து கீழே போகும். படுக்கைவாட்டில் கிடக்கும் திரையில் அத்தனையும் மேலேயே தங்கும். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே இருக்கும் வெதுவெதுப்பான இடம் பல்லிக்கும் ஈசலுக்கும் மிகப் பிடித்தமானது. ரோலர் சுருளும்போது செத்த பூச்சியையும் பல்லி எச்சத்தையும் துணியோடு சேர்த்து அழுத்திக்கொள்வதால், ஒவ்வொரு சுற்றிலும் அதே கறை சிறிது விலகி இன்னோரிடத்தில் பதிகிறது. பிவிசி பூசிய அந்தத் துணியைக் கழற்றித் துவைக்க முடியாது, இருந்த இடத்திலேயே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இரண்டு மாடி உயர முற்றத்தில் அதற்குச் சாரம் கட்ட வேண்டும். மேலும், படுக்கைவாட்டுத் திரை தொய்யாமல் நிற்க எதிர்முனையில் ஸ்பிரிங்கோ இன்னொரு மோட்டாரோ எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இழுவிசை ஒருபுறம் தளர்ந்தாலே துணி கோணலாகச் சுருளத் தொடங்கும். சரிசெய்ய வருபவருக்குப் பள்ளத்தின் முழு நீளத்துக்கும் திறக்கும் மூடி வேண்டும், அந்த மூடியை வைத்தாலோ மறைவாகப் பதித்ததன் அழகில் பாதி போய்விடும். விற்பனைக்கூடத்தில் காட்டும் மாதிரி தலை உயரத்தில் இருப்பதால் இவை எதுவும் அங்கே தெரிவதில்லை.

கம்பித் துணியின் அமைப்பு மிக எளியது. ஸ்பெயின் நாட்டின் செவில்யா நகரத்து முற்றங்களில் கோடையில் இழுத்து மூடும் துணிக்கூரையும் இதே வழியில்தான் ஓடுகிறது. மூன்று மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வடங்களைச் சுவருக்குச் சுவர் கட்டி, ஒன்றரை அடிக்கு ஓர் அலுமினியக் குச்சி கோத்த துணியை அவற்றில் தொங்கவிட வேண்டும். 13 அடி நீளத்துக்கு ஒவ்வொரு வடத்திலும் 50 கிலோ இழுவிசை கொடுத்தால் நடுவில் தொய்வு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் நிற்கும். ஆனால் அந்த 50 கிலோவைச் செங்கற்சுவரில் அடித்த பிளாஸ்டிக் பிளக் நெடுநாள் தாங்காது. கொக்கிகளைக் கான்கிரீட் உத்தரத்திலேயே பொருத்த வேண்டும் என்பதைப் பூச்சுவேலைக்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுவது நல்லது. வடம் நாளடைவில் தளரும்போது அதன் முனையிலுள்ள டர்ன்பக்கிள் என்ற இறுக்குத் திருகைத் திருகி இறுக்கிக்கொள்ளலாம்.

துணியை ஐந்தடி அகலத்தில் இரண்டு பட்டைகளாகப் பிரித்துத் தைத்தோம். சதுர மீட்டருக்கு 300 கிராம் உள்ள அக்ரிலிக் துணி என்பதால் ஒரு பட்டை இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். ஒதுங்கும் முனையை மாடி நடைக்கு மேலே வைத்ததுதான் இந்த அமைப்பின் உயிர்நாடி என்பேன்: சிறிய ஏணியில் நின்று கொக்கிகளைக் கழற்றி, மொட்டைமாடியில் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மாலைக்குள் திரும்ப மாட்டிவிடலாம். விலை குறைவு என்று காடாத் துணியை நாடுவோர் உண்டு. அது முதல் சலவையில் சுருங்கும், ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நூலிலேயே நிறம் ஏற்றிய அக்ரிலிக் வெயிலில் எளிதில் வெளுக்காது என்றாலும், எங்கள் துணி தன் முழு ஆயுளையும் இன்னும் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உள்ளே எந்தத் திரையைப் போட்டாலும், கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே சேரும் சூட்டுக்கு வழிவிடாவிட்டால் பாதிப் பயன்தான். ஓரடி இடைவெளி விட்டு, அந்த உயரத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் வலையடித்த லூவர்கள் (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்புகள்) வைத்தால் சூடான காற்று தானாக வெளியேறும். நான்கு ஓரமும் அடைத்த தடங்களில் ஓடும் ரோலருக்கு இது இன்னும் முக்கியம்; அடைபட்ட சூட்டில் டஃபன்டு செய்யாத, அதாவது சூடேற்றி வலுவூட்டாத, சாதாரணக் கண்ணாடி விரிசல்விடவும் கூடும்.

விலையைப் பொறுத்தவரை, எனக்கு வந்த மதிப்பீடுகளில் மோட்டார் ரோலர் கம்பித் துணியைப் போலப் பல மடங்கு இருந்தது. கம்பித் துணியைக் கப்பி வழியே கையால் இழுக்கும் கயிறு மின்வெட்டிலும் வேலை செய்யும் என்பது சொல்லாமலே விளங்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும் இழுகயிற்றின் கண்ணியைத் தொங்கவிடாமல், ஐந்தடி உயரத்துக்கு மேல் கொக்கியில் சுற்றிவைக்க வேண்டும். கழுத்தில் மாட்டும் ஆபத்து உண்மையானது. வயதான காலத்தில் கயிற்றை இழுக்க இயலாமல் போகலாம் என்பதால், கப்பி இருக்கும் இடம் வரை மின்கம்பிக்கான குழாயைப் பூச்சுக்கு முன்பே சுவரில் பதித்துவைத்திருக்கிறேன். அப்படி மோட்டார் வைக்க நேர்ந்தாலும் அது கையெட்டும் உயரத்தில், சுவருக்கு வெளியேதான் இருக்கும்.